குழந்தைக்கு அடிக்கடி காதுவலி, இப்போது சீழும் வடிகிறது. எண்ணெய் விடலாமா?

துளசிமாடம் (ஈரோடு)

வணக்கம். பையனுக்கு 14 மாதம். மழை தொடங்கியதிலிருந்து சளி விட்டபாடில்லை. ஒவ்வொரு சளிக்கும் பின்னாலேயே காதுவலியும் வந்துவிடுகிறது. காதைப் பிடித்து இழுத்துக்கொண்டே அழுவான். படுக்க வைத்தால் அழுகை கூடும், தோளில் போட்டுக்கொண்டால் கொஞ்சம் அடங்கும். நேற்று ராத்திரி முழுக்க வீறிட்டு அழுதான், காய்ச்சல் 102. விடியற்காலையில் திடீரென்று அமைதியாகித் தூங்கிவிட்டான். பார்த்தால் தலையணையில் மஞ்சளாக ஈரம். வலது காதிலிருந்து சீழ் வடிந்திருக்கிறது, லேசாக ரத்தமும் கலந்திருக்கிறது.

"கெட்டது வெளியே வந்துடுச்சு, இனி வலிக்காது" என்கிறார் மாமியார். நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி இரண்டு சொட்டு விடச் சொல்கிறார். தலைக்குத் தண்ணீர் ஊற்றியதில் காதுக்குள் போய்ச் சீழ் பிடித்துவிட்டது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. போன தடவை கொடுத்த ஆண்டிபயாட்டிக் சிரப் பாதி பாட்டில் மிச்சம் இருக்கிறது. அதைக் கொடுக்கலாமா? இன்று ஞாயிறு, வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் நாளைக்குத்தான் வருவார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆலமரத்தடி (கும்பகோணம்)

பயப்படாதே அம்மா. என் பிள்ளைகள் எல்லாருக்கும் இப்படி வந்திருக்கிறது. நல்லெண்ணெய், பூண்டு, கொஞ்சம் ஓமம். வெதுவெதுப்பாக விட்டுப் பஞ்சு வைத்தால் ராத்திரியே தூங்கிவிடுவார்கள். தாய்ப்பால் இரண்டு சொட்டு விட்டாலும் கேட்கும். இதற்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓடினால் ஆயிரம் ஊசி போடுவார்கள்.

கா_மூ_தொ (சென்னை)

துளசிமாடம், காது மூக்கு தொண்டை டாக்டராகச் சொல்கிறேன். முதலில் உங்களுக்கு, மற்றதெல்லாம் அப்புறம். காதுக்குள் எண்ணெய், தாய்ப்பால், வெங்காயச் சாறு எதுவும் விட வேண்டாம். அந்தப் பழைய சிரப்பும் வேண்டாம். குழந்தையை இன்றைக்கே ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். ஞாயிறு என்றாலும் அரசு மருத்துவமனையில் பணி மருத்துவர் இருப்பார்.

காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்புப் பகுதி சிவந்து வீங்கி, காதுமடல் முன்பக்கமாகத் தள்ளிக்கொண்டு நின்றாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, முகம் ஒரு பக்கமாகக் கோணினாலோ, குழந்தை எழுப்பியும் எழாமல் சோர்ந்து கிடந்தாலோ, கழுத்தை அசைக்க விடாமல் அழுதாலோ, இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், நேராகக் கிளம்புங்கள்.

இப்போது என்ன நடந்தது என்று சொல்கிறேன். நாம் காது என்று வெளியே பார்க்கும் துளை, செவிப்பறை என்கிற சவ்வோடு முடிந்துவிடுகிறது. சவ்வுக்கு அந்தப் பக்கம் காற்று நிரம்பிய ஒரு சின்ன அறை இருக்கிறது. அதுதான் நடுச்செவி. அந்த அறைக்குக் காற்று வரும் வழி வெளியே இல்லை, மூக்கின் பின்பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு மெல்லிய குழாய், யூஸ்டேஷியன் குழாய், நடுச்செவிக்குப் போகிறது. கொட்டாவி விடும்போதும் விழுங்கும்போதும் காதில் "டப்" என்று கேட்கிறதே, அந்தக் குழாய் திறந்து மூடுவதுதான் அது.

பெரியவர்களுக்கு இது மூன்றரை சென்டிமீட்டர் அளவு நீளம், நல்ல சரிவாக இருக்கும். கைக்குழந்தைக்கு அதில் பாதிதான், சரிவும் இல்லாமல் படுத்த வாய்க்கால் மாதிரி இருக்கும். சளி பிடித்தால் குழாய் வீங்கி அடைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் காற்றை உடம்பு உறிஞ்சிவிடும், அந்த இடத்தில் நீர் கோக்கும், மூக்கின் பின்னால் ஏற்கெனவே குடியிருக்கும் கிருமிகள் அங்கே ஏறிப் பெருகும். நியூமோகாக்கஸ், ஹீமோபிலஸ் இன்ஃப்ளுயன்சே, மொராக்செல்லா என்று மூன்று பாக்டீரியாக்கள்தான் பெரும்பாலும். இவற்றுக்கு வழி போட்டுக் கொடுப்பது சாதாரண சளி வைரஸ்கள். அதனால்தான் சளி பிடித்துச் சில நாள் கழித்துக் காதுவலி வருகிறது. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் இது மிக அதிகம். உங்கள் பையன் சரியாக அந்த வயதில் இருக்கிறான்.

சீழ் சேரச் சேரச் சவ்வு புடைத்துக்கொண்டு வரும். வலி முழுக்க அந்த இழுவையால்தான். ராத்திரி அது ஒரு இடத்தில் கிழிந்திருக்கிறது, அழுத்தம் குறைந்தது, வலி நின்றது. உங்கள் மாமியார் பார்த்தது சரி. ஆனால் வலி நின்றதால் நோய் தீர்ந்துவிட்டது என்று ஆகாது. இந்த மாதிரிக் கிழிசல் பெரும்பாலும் சில வாரங்களில் தானாக மூடிவிடும், மூடியதா என்று ஒருவர் உள்ளே பார்த்தே ஆக வேண்டும்.

எண்ணெய் ஏன் வேண்டாம் என்றால், சவ்வு முழுசாக இருக்கும்போது எண்ணெய் நோய் இருக்கும் இடத்துக்குப் போகவே போகாது. சவ்வு கிழிந்திருந்தால் போகும், அப்போது போகவே கூடாது. குளித்த தண்ணீர் விஷயமும் இதேதான். சவ்வு நன்றாக இருக்கும் குழந்தைக்குத் தலைக்கு ஊற்றியதால் நடுச்செவியில் சீழ் வராது. இப்போது ஓட்டை இருப்பதால் ஆறும்வரை தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்கடைக்காரன் (மதுரை)

டாக்டர் சொன்னதோடு ஒன்று. பவுடரில் தண்ணீர் கலந்து தயாரிக்கிற ஆண்டிபயாட்டிக் சிரப், அதுவும் கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த அமாக்சிசிலின் என்றால், ஃபிரிட்ஜில் வைத்தாலே ஏழு நாள்தான் ஆயுள். அலமாரியில் போன மாதத்திலிருந்து இருப்பது மருந்தே இல்லை, கொட்டிவிடுங்கள்.

காய்ச்சலுக்கும் வலிக்கும் பாரசிட்டமால் கொடுப்பீர்கள். அங்கேதான் ஆபத்து. சொட்டு மருந்து என்று வரும் சின்ன பாட்டிலில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் ஐந்து மில்லியில் 120 அல்லது 250. "பாரசிட்டமால் அஞ்சு மில்லி" என்று போனில் யாரோ சொன்னதைக் கேட்டுச் சொட்டு மருந்தை ஐந்து மில்லி ஊற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். ஒரு வேளைக்குக் குழந்தையின் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம். வயதை வைத்து அல்ல, எடையை வைத்து. கடையில் குழந்தைக்கு மருந்து கேட்டு வருபவர்களில் எடை தெரிந்து வருபவர்கள் குறைவு, அதனால் நான் முதலில் எடையைத்தான் கேட்பேன்.

மட்டுறுத்துநர்

மருந்தின் அளவு பற்றி எழுதுபவர்கள் பொது அளவை மட்டும் எழுதவும். இந்தக் குழந்தைக்கு இவ்வளவு என்று யாரும் எழுத வேண்டாம். அதை நேரில் பார்க்கும் டாக்டர் முடிவு செய்வார்.

நீலகண்டன்_வீடு (கோவை)

எல்லோரும் ஆண்டிபயாட்டிக்குக்குத் தயாராகிவிட்டீர்கள். இதைக் கொஞ்சம் வாசித்துவிட்டுப் பேசலாம். காதுவலி வந்த குழந்தைகளில் 60 சதவீதம் பேருக்கு மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் 24 மணி நேரத்தில் வலி போய்விடுகிறது. பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பே சொல்கிறது. அதே தொகுப்பில், ஆண்டிபயாட்டிக் சாப்பிட்ட 14 குழந்தைகளில் ஒன்றுக்கு அதனாலேயே வயிற்றுப்போக்கோ வாந்தியோ தடிப்போ வருகிறது என்றும் இருக்கிறது. நம் ஊரில் மூக்கு ஒழுகினாலே அசித்ரோமைசின். இப்படியே போனால் இருபது வருஷத்தில் எந்த மருந்தும் வேலை செய்யாது. என் மகளுக்குக் காதுவலி வந்தபோது நான் எதுவும் கொடுக்கவில்லை, சரியாகிவிட்டது.

வடலி (லண்டன், ஊர் பருத்தித்துறை)

நீலகண்டன் சொல்வது இங்கே நடைமுறையில் இருக்கிறது, ஆனால் அவர் சொல்கிற மாதிரி இல்லை. என்னுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் தடிமன் வந்தால் காதில்தான் போய் முடியும். ஜீபியிடம், அதாவது இங்குள்ள குடும்ப டாக்டரிடம், கொண்டு போனால் காதைப் பார்த்துவிட்டு, வலிக்குப் பாரசிட்டமோல் அல்லது ஐபுப்ரோஃபென் ஒழுங்காகக் கொடுங்கள், மூன்று நாளில் குறையாவிட்டால் இந்தச் சீட்டைக் கொண்டுபோய் மருந்து எடுங்கள் என்று முன்கூட்டியே சீட்டு எழுதித் தருவார்கள். 2024 ஜனவரிக் கடைசியிலிருந்து ஒரு வயது முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குக் காதுவலி என்றால் ஜீபியிடம் போகாமல் நேரே பாமசியிலேயே காதைப் பார்க்கச் சொல்லலாம் என்றும் ஆக்கிவிட்டார்கள்.

ஆனால் சின்னவனுக்கு ஒருமுறை காதால் சீழ் வந்தபோது அன்றைக்கே மருந்து தொடங்கினார்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இரண்டு காதிலும் வந்தாலும் அப்படித்தான். "பொறுத்துப் பார்ப்போம்" என்பது எல்லாப் பிள்ளைக்கும் இல்லை.

கா_மூ_தொ

வடலி நான் எழுத நினைத்ததை எழுதிவிட்டார். நீலகண்டன், உங்கள் எண்கள் சரி. ஆனால் அந்த எண்கள் எல்லாக் குழந்தைகளையும் ஒன்றாகச் சேர்த்து வந்தவை. ஆண்டிபயாட்டிக்கால் அதிகப் பலன் பெறுபவர்கள் யார் என்று அதே ஆய்வுகள் பிரித்தும் காட்டுகின்றன. இரண்டு வயதுக்குக் கீழே இரண்டு காதிலும் வந்தவர்கள், அப்புறம் சீழ் வடிபவர்கள். துளசிமாடத்தின் பையனுக்குச் சீழ் வடிந்திருக்கிறது, காய்ச்சலும் இருக்கிறது. இவன் காத்திருக்க வேண்டியவன் இல்லை.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2013 வழிகாட்டுதலும் இதையேதான் சொல்கிறது. ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள், ஒரே காதில், கடும் வலி இல்லாமல், 39 டிகிரி செல்சியஸுக்குக் குறைவான காய்ச்சலோடு வந்தால் இரண்டு மூன்று நாள் பார்க்கலாம். இரண்டு வயது தாண்டியவர்களுக்கு, நோய் கடுமையாக இல்லாவிட்டால், இரண்டு காதிலும் இருந்தாலும் பார்க்கலாம். பார்க்கலாம் என்றால் வலி மருந்தைச் சரியாகக் கொடுத்துக்கொண்டு, மறுபடி காட்டுவதற்கு ஏற்பாடு செய்துகொண்டு பார்ப்பது. சும்மா விட்டுவிடுவது இல்லை. நாமக்கல்லில் இருந்து பஸ் பிடித்து வருபவரிடம் "மூன்று நாள் கழித்து வாருங்கள்" என்று சொல்ல எனக்கே தயக்கமாகத்தான் இருக்கும். லண்டனில் அந்த முறை நடப்பதற்குக் காரணம் பாமசி தெருமுனையில் இருப்பதும்தான்.

கொடுக்க வேண்டியிருந்தால் முதல் மருந்து சாதாரண அமாக்சிசிலின், ஆனால் உயர்ந்த அளவில், ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 80 முதல் 90 மில்லிகிராம் என்பது அந்த வழிகாட்டுதல். கடந்த ஒரு மாதத்துக்குள் அதே மருந்து சாப்பிட்டிருந்தாலோ, காதுவலியோடு கண்ணிலும் பீளை கட்டினாலோ கிளாவுலனிக் அமிலம் சேர்ந்ததற்கு மாற்றுவோம். கண்ணும் காதும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் அது ஹீமோபிலஸ் வேலை, அதில் பல வகைகள் வெறும் அமாக்சிசிலினை உடைத்துவிடும். நீங்கள் சொன்ன அசித்ரோமைசின் இதற்கு நல்ல தேர்வு இல்லை என்பதில் நானும் உங்கள் பக்கம்தான்.

மருந்துக்கடைக்காரன்

செஃபிக்சைம், செஃப்போடாக்சைம் எல்லாம் 2014-லிருந்து ஹெச்1 அட்டவணையில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, யாருக்குக் கொடுத்தோம் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். "போன தடவை இதுதான் கொடுத்தீங்க" என்று காலிப் பாட்டிலைக் கொண்டுவந்து சண்டை போடுபவர்கள் இந்த இழையில் இருந்தால் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, சளி சிரப். குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் இரண்டும் கலந்தது நாலு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு லேபிளிலேயே போடச் சொன்னது. காதில் கோத்த நீரை அது வற்ற வைக்கும் என்று எழுதிக் கொடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கா_மூ_தொ

வற்ற வைக்காது. தூக்கம்தான் வரும்.

துளசிமாடம்

எல்லோருக்கும் நன்றி. அரசு மருத்துவமனையில் காட்டிவிட்டு வந்தோம். சவ்வில் சின்ன ஓட்டை என்றார்கள். சிரப் கொடுத்திருக்கிறார்கள், இரண்டு வாரம் கழித்து இ.என்.டி. பிரிவில் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். தாய்ப்பால் குடித்தானா, இப்போது பால் எப்படிக் குடிக்கிறான், வீட்டில் யாராவது பீடி சிகரெட் குடிக்கிறார்களா, குழந்தைகள் காப்பகத்துக்குப் போகிறானா என்று அந்த டாக்டர் வரிசையாகக் கேட்டார். காதுவலிக்கு வந்தால் இதையெல்லாம் ஏன் கேட்கிறார் என்று வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் கோபம். ராத்திரி பால் பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டேதான் தூங்குவான். மாமனார் திண்ணையில் பீடி பிடிப்பார், வீட்டுக்குள் இல்லை. நான் மில் வேலைக்குப் போவதால் காப்பகத்தில் விடுகிறோம்.

கா_மூ_தொ

அவர் கேட்டது எல்லாம் சரியான கேள்வி. நல்ல டாக்டர் கிடைத்திருக்கிறார்.

மல்லாக்கப் படுத்துப் பாட்டிலில் குடித்தால் பால் மூக்கின் பின்பக்கம் தேங்கி, அந்தக் குட்டைக் குழாய் வழியாக ஏறலாம். தலையைக் கொஞ்சம் உயர்த்தி மடியில் வைத்துக் கொடுங்கள். தூங்கும்போது பாட்டில் வாயில் இருக்கக் கூடாது. 14 மாதத்துப் பிள்ளை டம்ளரில் குடிப்பான், பழக்கிவிட்டால் பாட்டிலே வேண்டாம். ரப்பர் சப்பான் வாயில் வைக்கும் பழக்கம் இருந்தால் ஆறு மாதத்துக்குப் பிறகு அதையும் குறைக்க வேண்டும். தாய்ப்பால் முதல் ஆறு மாதம் மட்டும் குடித்திருந்தாலே இந்த நோய் குறைகிறது. காதில் விடுவதால் அல்ல, வயிற்றுக்குப் போவதால்.

புகை. புகையிலைப் புகைக்கும் குழந்தைகளின் காது நோய்க்கும் இருக்கும் தொடர்பு நன்றாக நிறுவப்பட்டது. மூக்கிலும் குழாயிலும் சளியைத் தள்ளிக்கொண்டே இருக்கும் நுண்ணிய மயிரிழைகளைப் புகை முடக்கிவிடும். திண்ணையில் பிடித்தாலும் சட்டையிலும் மீசையிலும் ஏறிக்கொண்டுதான் தாத்தா பேரனைத் தூக்க வருவார். விறகடுப்புப் புகையும் இதே வழியில்தான் மூக்கைக் கெடுக்கும்.

காப்பகம் என்பது தவிர்க்க முடியாதது. வேலையை விடச் சொல்ல நான் யார்? பத்துக் குழந்தைகள் ஒன்றாக இருந்தால் பத்துக் குழந்தைகளின் சளியும் சுற்றும். கொஞ்சம் சின்னக் காப்பகம், கைகழுவும் பழக்கம், இவ்வளவுதான் செய்ய முடியும்.

மாற்ற முடியாதவையும் உண்டு. அப்பா அம்மாவுக்குச் சின்ன வயதில் இந்தத் தொல்லை இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். அண்ணப் பிளவோடு, அதாவது மேல்வாய் பிளந்து, பிறந்த குழந்தைகளுக்குக் குழாயைத் திறக்கும் தசை சரியாக வேலை செய்யாது, அவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் காதில் நீர் கோக்கும். டவுன் சின்ட்ரோம் குழந்தைகளுக்கும் அப்படித்தான். மூக்கின் பின்னால் அடினாய்டு சதை பெரிதாக இருந்து வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்கும் பிள்ளைகளையும் கவனிக்க வேண்டும்.

தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். நியூமோகாக்கல் தடுப்பூசி தமிழ்நாட்டில் 2021 ஜூலையிலிருந்து அரசுத் திட்டத்தில் இலவசம். 6-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம். நிமோனியாவுக்காக வந்த ஊசிதான், காதுக்கும் ஓரளவு உதவும்.

ஆலமரத்தடி

டாக்டர் தம்பி, குளிப்பாட்டி முடித்துச் சாம்பிராணி போடுவது சளி பிடிக்காமல் இருக்கத்தானே? அதுவும் கூடாதா? எங்கள் தெருவில் குளிப்பாட்ட வரும் ஆயா மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டு வாயால் ஊதிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் போவார்.

கா_மூ_தொ

அம்மா, எண்ணெய்க் குளியலை நான் ஒன்றும் சொல்லவில்லை. உடம்புக்குத் தேய்க்கட்டும், மடியில் கிடக்கும் குழந்தைக்கு அது சுகம்தான். ஆனால் மூக்கில் எண்ணெய் விட்டால் நுரையீரலுக்குப் போய் ஒருவகை நிமோனியாவே வரும். வாயால் ஊதினால் ஊதுபவரின் கிருமி உள்ளே போகும். சாம்பிராணியும் புகைதான். தலைமுடியைத் துண்டால் துடைத்தாலே காய்ந்துவிடும்.

ஆலமரத்தடி

சரி தம்பி. ஆயாவிடம் சொல்வது யார் என்பதுதான் கேள்வி.

கரும்பலகை (விழுப்புரம் மாவட்டம்)

அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. வேறு பக்கத்திலிருந்து இதைப் பார்க்கிறேன். ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண். கடைசி வரிசை. கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புவாள், டிக்டேஷன் என்றால் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்ப்பாள். மந்தமான பிள்ளை என்று எனக்கு முன்னால் இருந்தவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். பக்கத்தில் நின்றால் வாடை வரும், மற்ற பிள்ளைகள் ஒதுக்குவார்கள். காதில் சீழ். அம்மாவிடம் கேட்டால், "சின்னப் பிள்ளையிலிருந்து இருக்கு டீச்சர், வயசுக்கு வந்தா நின்னுடும்" என்றார்.

பிள்ளைகளின் உடல்நலத்தைச் சோதிக்கும் அரசுத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யிலிருந்து பள்ளிக்கு வரும் குழுவிடம் காட்டினோம். அவர்கள் பார்க்க வேண்டிய நோய்ப் பட்டியலிலேயே காதுச் சீழ் இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. மாவட்ட மையத்துக்கு அனுப்பிக் கேட்கும் திறனைச் சோதித்தார்கள். இரண்டு காதிலும் குறை. இப்போது முதல் வரிசையில் உட்கார வைத்திருக்கிறேன், வாயைப் பார்த்துப் பேசுகிறேன். கணக்கில் அவள் மந்தமே இல்லை.

சீழ் வராத பிள்ளைக்கும் இப்படிக் காது மந்தமாகுமா என்பது என் சந்தேகம். இன்னொரு பையன் மழைக்காலத்தில் மட்டும் சரியாகக் கேட்காதவன் போல இருக்கிறான்.

கா_மூ_தொ

ஆகும். அந்தப் பையனுக்கு அடிநாளில் வந்த தொற்று ஆறிப்போயும் நடுச்செவியில் நீர் மட்டும் தங்கியிருக்கலாம். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, சீழ் வராது, அதனால் யாரும் டாக்டரிடம் கூட்டிப் போகமாட்டார்கள். டிவி சத்தத்தை ஏற்றி வைப்பான், "என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். சராசரியாக 25, 30 டெசிபல் அளவுக்குக் கேட்பது குறையும். எதிரே நின்று பேசினால் கேட்கும், வகுப்பின் இரைச்சலில் மெல்லிய ஒலிகள் காதில் விழாது.

டிம்பனோமெட்ரி என்று ஒரு சோதனை, ஒரு நிமிட வேலை, வலிக்காது. நீர் இருப்பது தெரிந்தால் உடனே அறுவை இல்லை. மூன்று மாதம் பொறுப்போம், பெரும்பாலும் தானாக வடிந்துவிடும். கொஞ்சம் பெரிய பிள்ளையென்றால் மூக்கால் பலூன் ஊதவைக்கும் பயிற்சியும் உதவும். வடியவில்லை, கேட்பதும் குறைந்திருக்கிறது என்றால் சவ்வில் சிறு கீறல் போட்டு குரோமெட் என்ற சின்னக் குழாயை வைப்போம். சில மாதங்களில் அது தானாக வெளியே வந்துவிடும். அடிக்கடி காதுவலி வருகிறது என்பதற்காக மட்டும் எல்லோருக்கும் குரோமெட் வைப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. 2021-ல் அமெரிக்காவில் மூன்று வயதுக்குட்பட்ட 250 குழந்தைகளிடம் செய்த ஆய்வில், குழாய் வைத்தவர்களுக்கும் அவ்வப்போது மருந்து மட்டும் கொடுத்தவர்களுக்கும் தொற்று வந்த எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை.

அந்தப் பெண் விஷயம் வேறு, அதுதான் எனக்குக் கவலை. ஓட்டை மூடாமல் வாரக்கணக்கில் சீழ் வடிந்தால் அது நாள்பட்ட நடுச்செவி நோய். கிருமியும் மாறிவிடும், சூடோமோனாஸ், ஸ்டேஃபைலோகாக்கஸ் வந்து உட்காரும், வாய்வழி மருந்து அவ்வளவாக எட்டாது. காதை உலர வைப்பதும் சிப்ரோஃபிளாக்சசின் போன்ற சொட்டு மருந்தும்தான் முதல் சிகிச்சை. உலக சுகாதார நிறுவனத்தின் 2004 அறிக்கையில், மக்கள்தொகையில் 4 சதவீதத்துக்கு மேல் இந்த நோய் உள்ள இடங்களின் வரிசையில் ஆஸ்திரேலியப் பழங்குடியினர், கிரீன்லாந்து இவர்களோடு இந்தியாவும் இருந்தது. வயசுக்கு வந்தால் நிற்கும் என்பதை நம்பி உட்கார்ந்திருப்பதால்தான் அந்த எண்.

தேனிக்காற்று (தேனி)

நிற்காது. எனக்கு 34 வயதுவரை நிற்கவில்லை.

சின்ன வயதில் கிணற்றில் குதித்து நீந்துவேன், இடது காதில் சீழ் வரும், கோழி இறகு விட்டுச் சுத்தம் செய்துகொள்வேன். வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரியவனான பிறகு சீழ் குறைந்துவிட்டது, கொஞ்சமாக, ஆனால் செத்த எலி வாடை. குறைந்தது நல்லது என்றுதான் நினைத்தேன். அப்புறம் குனிந்தால் தலைசுற்றல். ஒரு தனியார் மருத்துவமனையில் உள்ளே சரியாகப் பார்க்காமலே மாதக்கணக்கில் சொட்டு மருந்து மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். ஒருநாள் காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியது, இடது கண்ணை மூட முடியவில்லை.

மதுரையில் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் கொலஸ்டியடோமா. காதுக்குள் தோல் மடிந்து பைபோல வளர்ந்து எலும்பை அரித்துக்கொண்டே போவது என்று விளக்கினார்கள். கேட்கும் எலும்புகளில் ஒன்று ஏற்கெனவே காணவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் மூளைக்குப் போயிருக்கும் என்றார்கள். காதுக்குப் பின்னால் கீறி மாஸ்டாய்டு எலும்பைக் கடைந்து எடுத்தார்கள். முகம் மெல்ல மெல்லத் திரும்பிவிட்டது. இடது காது கேட்பது பாதிதான். இன்றும் வருடத்துக்கு ஒருமுறையாவது போய் அந்தக் குழியைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். கிணற்றுப் பக்கம் போவதில்லை.

சீழ் நிறைய வந்தால்தான் ஆபத்து என்று யாராவது நினைத்தால், எனக்குக் கொஞ்சமாகத்தான் வந்தது.

கா_மூ_தொ

தேனிக்காற்று எழுதியதை இரண்டு முறை படியுங்கள். சளி மாதிரி நூல் இழுத்துக்கொண்டு, நாற்றமில்லாமல், சளி பிடிக்கும்போது மட்டும் வருவது ஒப்பீட்டளவில் சாதுவான வகை. ஓட்டை சவ்வின் நடுவில் இருக்கும். காது காய்ந்த பிறகு, காதுக்கு மேலே உள்ள தசையின் மேலுறையைக் கொஞ்சம் எடுத்து ஒட்டுப் போட்டு மூடிவிடலாம். கரும்பலகை, உங்கள் மாணவிக்குப் பெரும்பாலும் இது போதும், ஆனால் வாடை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் உள்ளே முழுக்கச் சுத்தம் செய்து சவ்வின் மேல்பகுதியை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். தேனிக்காற்றுக்கு இருந்தது சவ்வின் மேல்மூலையில் தொடங்குகிற வகை. அதற்குச் சொட்டு மருந்து தீர்வே இல்லை, அறுவைதான்.

நீலகண்டன்_வீடு

என் அப்பாவுக்கு 58 வயது. வலது காது அடைத்துக்கொண்டே இருக்கிறது. வலி இல்லை, சளியும் இல்லை. நீர் கோத்திருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள், மாசக்கணக்காகப் போகவில்லை. இதற்கும் பொறுத்துப் பார்க்கலாமா?

கா_மூ_தொ

கூடாது. பெரியவர்களுக்குச் சளி எதுவும் இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் நீர் கோத்து நின்றால் மூக்கின் பின்பக்கத்தை எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்தே ஆக வேண்டும். குழாயின் வாயை ஏதாவது கட்டி அடைத்திருக்கலாம். பெரும்பாலும் இருக்காது. இருந்துவிட்டால் சீக்கிரம் பார்த்ததுதான் லாபம். கழுத்தில் நெறிக்கட்டி இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். இந்த வாரமே போங்கள்.

நீலகண்டன்_வீடு

சரி டாக்டர். நாளைக்கே கூட்டிப் போகிறேன்.

துளசிமாடம்

இ.என்.டி. பிரிவில் காட்டினோம். காய்ச்சல் இல்லை, நன்றாகத் தூங்குகிறான். ஓட்டை இன்னும் மூடவில்லையாம், கொஞ்சம் ஈரம் இருக்கிறதாம். காதைத் துடைத்துவிட்டுச் சொட்டு மருந்து விடச் சொல்லியிருக்கிறார்கள். மருந்தைக் கண்டாலே தலையை ஆட்டி உதறுகிறான், பாதி கன்னத்தில்தான் விழுகிறது. பஞ்சுக்குச்சி விடலாமா? தலைக்கு எப்படி ஊற்றுவது?

வடலி

பஞ்சுக்குச்சி வேண்டாம் தங்கச்சி. சுத்தமான பருத்தித் துணி அல்லது டிஷ்யூத் தாளைத் திரி மாதிரி முறுக்கி, காது வாசலில் வைத்து ஈரத்தை உறிஞ்ச விடுங்கள். நனைந்ததும் எறிந்துவிட்டு இன்னொன்று. திரி காய்ந்து வரும்வரை. பிறகுதான் மருந்து.

மருந்துக்கடைக்காரன்

பாட்டிலை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பிடித்துச் சூடாக்குங்கள். குளிர்ந்த மருந்து உள்ளே போனால் தலை சுற்றும், அதனால்தான் பாதிப் பிள்ளைகள் அலறுகிறார்கள். அந்தக் காது மேலே வரும்படி மடியில் படுக்க வைத்து, காதுமடலைக் கீழ்நோக்கிப் பின்னால் மெல்ல இழுங்கள். மூன்று வயதுக்கு மேல் என்றால் மேல்நோக்கி இழுக்க வேண்டும். சொட்டு விட்டதும் காதுக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டை விரலால் நாலைந்து தடவை அமுக்கி விடுங்கள், மருந்து ஓட்டை வழியாக உள்ளே இறங்கும். மூன்று நிமிஷமாவது அப்படியே கிடக்கட்டும். கார்ட்டூன் போட்டுக் காட்டினாலும் தப்பில்லை. எந்தச் சொட்டு மருந்து என்று ஒருமுறை பெயரைப் படியுங்கள். சவ்வில் ஓட்டை இருக்கும்போது ஜென்டாமைசின், நியோமைசின் கலந்தது தவிர்ப்பது நல்லது, உட்செவியைப் பாதிக்கலாம்.

தலைக்கு ஊற்றும்போது பஞ்சில் வாசலின் தடவிக் காது வாசலை அடையுங்கள், குளித்து முடித்ததும் எடுத்துவிடுங்கள். மற்ற நேரம் பஞ்சு வேண்டாம், காற்றாடட்டும்.

துளசிமாடம்

சிப்ரோஃபிளாக்சசின் என்றுதான் போட்டிருக்கிறது. டம்ளருக்கு மாற்றியாயிற்று, பாதி தரையில்தான் போகிறது. மாமனார் பீடியைத் தெருமுனை டீக்கடைக்குக் கொண்டுபோய்விட்டார், வீட்டுக்கு வந்ததும் சட்டையை மாற்றச் சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் மறுபடி காட்டிவிட்டு எழுதுகிறேன்.